கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை

26 மார்ச் 2023, வாசகர் கேள்வி

பத்து வயதான பெட்ரோல் கார். போனெட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் மெல்ல மெல்லக் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. நிறுத்தும் இடத்தில் ஈரமே இல்லை. பட்டறையில் காட்டினேன், எட்டிப் பார்த்துவிட்டு ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்றார்கள். அப்பா அம்பாசிடர் ஓட்டியவர். தண்ணீர் குறைந்தால் தண்ணீர் ஊற்று, இதற்குப் போய் யாராவது செலவு செய்வார்களா என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. குழாய்த் தண்ணீரை அவ்வப்போது ஊற்றி ஓட்டினால் அப்படி என்ன கெட்டுப்போகும்?

26 மார்ச் 2023, இரவு, பதில்

அப்பா சொன்னது அவர் ஓட்டிய காருக்குச் சரி. அம்பாசிடரின் பழைய 1489 சிசி இன்ஜினில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஒழுகினால் ஈயப் பற்று வைத்துக் கொடுக்க ஊருக்கு ஓர் ஆள் இருந்தார். கொதித்தால் ஓரங்கட்டி, போனெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, டீ குடித்து வந்து ஊற்றிக்கொண்டு கிளம்பலாம். இரும்பு பொறுத்துக்கொள்ளும். உங்கள் காரில் ஹெட் அலுமினியம். ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், இரு பக்கத் தொட்டிகளும் பிளாஸ்டிக். ஒரே ஒருமுறை நன்றாகக் கொதித்தால் போதும், ஹெட் வளைந்துவிடும். அப்புறம் நீங்கள் மிச்சம் பிடித்த ரேடியேட்டர் காசு சில்லறையாகத் தெரியும்.

எனக்கு எரிச்சல் தருவது தண்ணீர் அல்ல, "அவ்வப்போது" என்ற சொல். கூலன்ட் பெட்ரோல் இல்லை, செலவாவதற்கு. அது மூடிய சுற்று. குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது. வெளியே போகும், அல்லது காருக்குள் போகும், அல்லது இன்ஜினுக்குள்ளேயே போய்ப் புகையாகும். எங்கே என்று தெரியாமல் ஊற்றிக்கொண்டிருந்தால் ஓட்டை பெரிதாவதை நீங்களே மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதோடு, வெளியேறுவது கூலன்ட், உள்ளே போவது வெறும் தண்ணீர். சில தடவை ஊற்றியதும் துருத்தடுப்பு மருந்து நீர்த்துப்போகும், கொதிநிலை இறங்கும்.

பார்க்காமல் ரேடியேட்டரை மாற்றச் சொல்லும் பட்டறைக்கும், பார்க்காமல் தண்ணீர் ஊற்றச் சொல்லும் அப்பாவுக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. இருவரும் ஓட்டையைப் பார்க்கவில்லை.

தரையில் ஈரம் இல்லாததற்குக் காரணம் சாதாரணமானது. சொட்டுகள் சூடான பிளாக்கின்மீதோ சைலன்சர் குழாயின்மீதோ விழுந்து அங்கேயே ஆவியாகின்றன. தண்ணீர் போய்விடும், கறை நிற்கும். அந்தக் கறையைத்தான் தேட வேண்டும்.

என் காரிலும் இப்போது இதே கதைதான் ஓடுகிறது, அதனால் செய்வதை இங்கேயே எழுதிக்கொண்டு போகிறேன்.

27 மார்ச் 2023

நேற்று விட்டுப்போனது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். துணியை வைத்து மெதுவாகத் திருகினால் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் அவரைத் திருகச் சொல்லுங்கள், நீங்கள் தெருமுனையில் நில்லுங்கள். உள்ளே இருப்பது நூறு டிகிரிக்கு மேல் சூடாகியும் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம். மூடி தளர்ந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்துக்கு வரும். ரேடியேட்டரின் மேல் பக்கம் மாட்டியிருக்கும் ரப்பர்க் குழாயை, அதாவது மேல் ஹோஸை, கையால் அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் நாளைக் காலை.

2 ஏப்ரல் 2023

மூடியிலிருந்து ஆரம்பித்தேன். இருப்பதிலேயே மலிவான பொருள், யாரும் சந்தேகிக்காத பொருள்.

மூடி என்பது ஒரு வால்வு. தலையிலேயே 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். அத்தனை பார் அழுத்தம் வரை விடாமல் பிடித்துவைத்து, மீறினால் திறந்து டப்பாவுக்கு அனுப்பும். ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜினோ 90-க்கு மேல்தான் நிம்மதியாக வேலை செய்யும். மூடி கெட்டிருந்து உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், மலையேறும் காருக்குக் கொதிப்பதற்குக் காரணமே வேண்டாம். அதே தண்ணீரை 0.9 பார் மூடி போட்டு அடைத்தால் ஊட்டியிலும் 115 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே.

என் மூடியின் ரப்பர் வளையம் உப்பிப்போய், ஓரத்தில் விரிசல் கண்டிருந்தது. நடுவில் இருக்கும் சின்ன வால்வும் சரியாக அமரவில்லை. இந்தச் சின்ன வால்வு எதிர்ப்பக்கம் வேலை செய்வது. இன்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும், டப்பாவிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப இழுத்துக்கொள்ள இது திறக்க வேண்டும். காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடந்தால் இந்த வால்வைப் பாருங்கள். புது மூடி வாங்கினேன். அதே எண் உள்ள மூடி. 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் இன்னும் நல்லது என்று கடைக்காரர் ஒருவர் அறிவுரை சொல்கிறார். பத்து வருடப் பிளாஸ்டிக் தொட்டியிடமும் பழைய ஹோஸிடமும் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

5 ஏப்ரல் 2023

புது மூடி போட்டபின் கூலன்ட் முன்பைவிட வேகமாகக் குறைகிறது!

யாரும் சிரிக்க வேண்டாம், இது நல்ல செய்தி. பழைய மூடி அழுத்தத்தைப் பிடிக்கவே இல்லை, அதனால் ஓட்டையில் தள்ளுவதற்கு ஆள் இல்லாமல் இருந்தது. இப்போது முழு அழுத்தம் ஏறுகிறது, ஓட்டை தன் வேலையைக் காட்டுகிறது. இந்த இடத்தில்தான் பலர் புது மூடி மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

6 ஏப்ரல் 2023

மூன்று பேர் கேட்டதற்குச் சேர்த்துப் பதில்.

திருச்சி நண்பருக்கு: முன்சீட்டு ஓரத்துக்குக் கீழே, வெளியே தரையில் சொட்டும் தண்ணீர் ஏசியுடையது. வெயில் காலத்தில் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து அப்படித்தான் வடியும். வடியாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். வெள்ளை டிஷ்யூவால் தொட்டுப் பாருங்கள். நிறமில்லாமல், விரலில் வழுக்காமல் இருந்தால் தண்ணீர். நிறம் ஏறி, தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி வழுக்கினால் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். இனிக்கும் என்பது உண்மை, நஞ்சு என்பதும் உண்மை.

சேலம் அன்பருக்கு: நீங்கள் சொல்வது வேறு. காருக்குள் பாகு வாடை, முன்கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்கப் படலம், பக்கத்துச் சீட்டின் கால்மிதிக்குக் கீழே கம்பளம் ஈரம். இது ஹீட்டர் கோர். நம் ஊரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். போட்டாலும் போடாவிட்டாலும் டாஷ்போர்டுக்குப் பின்னால் அந்தச் சின்ன ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்ற டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். வீட்டில் செய்யும் வேலையென்று நான் சொல்ல மாட்டேன்.

மதுரைக்காரருக்கு: காலையில் ஸ்டார்ட் செய்தவுடன், சூடேறுவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாகிவிடுகிறதா? அது வெப்பத்தின் அழுத்தம் அல்ல, சிலிண்டரிலிருந்து கசியும் வாயு. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைக்கும் தகடு, அதாவது ஹெட் கேஸ்கட், போயிருக்கிறது. நீலத் திரவத்தைக் குழாயில் ஊற்றி ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் கருவி இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். மெக்கானிக்கிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். வெள்ளைப்புகை, ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறம் இரண்டும் இருந்தால் சோதனைகூடத் தேவையில்லை. ஆயில் மூடியில் மட்டும் கொஞ்சம் வெண்படலம் என்றால் பயப்படாதீர்கள். தினமும் தெருமுனை வரை மட்டும் ஓடும் கார்களில் ஈரம் அப்படிப் படியும்.

9 ஏப்ரல் 2023

அழுத்தச் சோதனைக் கருவி கிடைத்தது. தெரிந்த மெக்கானிக்கிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல். கையால் அடிக்கும் சின்னப் பம்பு, ஒரு அழுத்தமானி, மூடி இருக்கும் இடத்தில் பொருந்தும் அடாப்டர். இவ்வளவுதான். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மூடியில் எழுதியுள்ள அழுத்தம்வரை அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஆறிய இன்ஜின் என்பதில்தான் இதன் சூட்சுமமே இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துத் தேடினால் பேன் காற்று சொட்டைச் சிதறடிக்கும், சூடு அதை ஆவியாக்கும், பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை வைக்கவும் முடியாது. ஆறிய இன்ஜினில் அழுத்தம் மட்டும் இருந்தால் சொட்டு விழுந்த இடத்தில் விழுந்தபடி நிற்கும். நீங்களும் நிதானமாகப் பார்க்கலாம்.

0.9 பார் என்பது 13 பிஎஸ்ஐ. டயருக்கு அடிக்கும் காற்றில் பாதிகூட இல்லை. கருவி கிடைக்கவில்லையே, பஞ்சர் கடையில் கம்ப்ரசரை வைத்து அடித்தால் என்ன என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். அந்தக் கம்ப்ரசர் நூறைத் தாண்டி அடிக்கும். ஹீட்டர் கோர், பிளாஸ்டிக் தொட்டி, ஹோஸ் மூன்றில் எது முதலில் வெடிக்கும் என்று பந்தயம் கட்டலாம்.

முள் இறங்கியது. மெதுவாக, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி. ரேடியேட்டரைச் சுற்றி உலர்ந்திருக்கிறது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டின் மூடி எல்லாம் சுத்தம். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கம்பியில் கட்டி, கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பின் அடியில் நுழைத்தேன். புல்லிக்குப் பின்னால் இளஞ்சிவப்பு உப்பு பூத்துக் கோடாக வழிந்திருக்கிறது. அதன் உச்சியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

கசிவுத் துளை. வாட்டர் பம்பு போய்விட்டது.

9 ஏப்ரல் 2023, மாலை

"துளையிலிருந்துதானே வருகிறது, அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்துவிட்டால்?" என்று கேட்டவருக்கு நீண்ட பதில் தகும், ஏனென்றால் என் பிழைப்பே இந்தச் சீல்தான். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் தொழிலில் இருக்கிறேன்.

வீட்டு மோனோபிளாக் பம்பானாலும் காரின் வாட்டர் பம்பானாலும் பிரச்சினை ஒன்றே: சுற்றும் தண்டு ஒரு பக்கம் தண்ணீரில் இருக்க வேண்டும், மறுபக்கம் காய்ந்த பேரிங்கில் இருக்க வேண்டும், நடுவில் ஒழுகக் கூடாது. இதற்கு மெக்கானிக்கல் சீல். ஒரு வளையம் கார்பன், எதிர் வளையம் பீங்கான் போன்ற கெட்டிப்பொருள். இரண்டின் முகமும் கண்ணாடியாக இழைக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங் ஒன்றை மற்றதன்மேல் அமுக்கும். இரண்டுக்கும் நடுவில் மிக மெல்லிய திரவப்படலம் ஓடும், அதுதான் மசகு. படலம் இல்லாமல் காய்ந்து சுற்றினால் முகம் எரிந்துவிடும். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிய வீடுகளிலிருந்து எங்களிடம் வரும் சீல்களைப் பார்த்தால் தெரியும். கூலன்ட் குறைந்த காரை ஓட்டுவதும் அந்தப் பம்புக்கு அதே தண்டனை.

சீலில் அற்பமாகக் கசிவது பேரிங்குக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக, இரண்டுக்கும் நடுவே வெளியே வழிய ஒரு துளை வைத்திருக்கிறார்கள். உலர்ந்த லேசான கறை இருந்தால் பரவாயில்லை. சொட்டு நின்றால் சீல் முடிந்தது. துளையை அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகும், கிரீஸைக் கழுவும், பேரிங் உடையும், பெல்ட் அறுந்து பறக்கும். அப்போது நீங்கள் பொள்ளாச்சி சாலையில் இருப்பீர்கள், பட்டறை இருக்காது.

இங்கேதான் உப்புத் தண்ணீர் பேச்சுக்கு வருகிறது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டிலும் காருக்கு ஊற்றுவதென்னவோ போர்வெல் குழாயில் பிடித்த தண்ணீர்தான், நல்ல தண்ணீரை யாரும் காருக்குத் தருவதில்லை. அதிலுள்ள சுண்ணாம்பு இழைத்த முகங்களுக்கு நடுவே படிந்து கீறும். குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். ஆத்திர அவசரத்துக்கு வழியில் எந்தத் தண்ணீர் கிடைத்தாலும் ஊற்றுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீடு வந்ததும் வடித்துவிடுங்கள். கலப்பதற்குப் பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் தாதுநீக்கிய தண்ணீர் போதும், விலையும் குறைவு.

11 ஏப்ரல் 2023

வாங்குவதற்கு முன் இன்னொரு சோதனை. இன்ஜின் நின்றிருக்கும்போது பம்பு புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. என்னுடையது லேசாக ஆடுகிறது. ஆக பேரிங்கும் வழியனுப்பக் காத்திருக்கிறது.

என் காரில் பம்பு வெளிப்பக்கப் பெல்ட்டில் ஓடுகிறது, அதனால் வீட்டில் துணிகிறேன். சில இன்ஜின்களில், வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்தான் பம்பைச் சுற்றும். அப்படியானால் கைவைக்காதீர்கள். ஒரு பல் மாறி மாட்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும் இன்ஜின்கள் உண்டு. பட்டறையில் கொடுத்து பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்பு மூன்றையும் ஒரே கையோடு மாற்றுங்கள். கூலி ஒன்றுதான்.

14 ஏப்ரல் 2023

சித்திரை முதல் நாள். வீட்டில் எல்லோரும் கனி கண்டார்கள், நான் காருக்கு அடியில் கண்டேன். மைத்துனர் விருந்துக்கு வந்தவர், உதவி செய்கிறேன் என்று சொல்லி நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிவரை ஆலோசனை மட்டும் வழங்கினார்.

முந்தின இரவே நிறுத்தி ஆறவிட்டாயிற்று. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கழற்றினேன், ஏனென்றால் சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் பேன் தானாகச் சுற்றும். ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். செங்கல் ஸ்டாண்டு ஆகாது. ஹாலோ பிளாக் அதைவிட மோசம், திடீரென்று நொறுங்கும்.

பம்பு புல்லியின் போல்ட்டுகளைப் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். பெல்ட்டைக் கழற்றிய பிறகு புல்லி கையோடு சுற்றும், போல்ட் அசையாது. பிறகு அடியில் அகலமான தட்டை வைத்துக் கீழ் ஹோஸைக் கழற்றி வடித்தேன். வடித்ததை அளந்து குறித்துவைத்தேன். இது முக்கியம், ஏன் என்று கீழே வரும்.

பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒரே நீளம் அல்ல. ஓர் அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்திவைத்தேன். குட்டை போல்ட் இருக்கும் இடத்தில் நீளமானதைப் போட்டு முறுக்கினால் பிளாக்கில் முட்டும், அல்லது மரையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

நேரத்தைத் தின்றது பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவதுதான். பிளாக்கின் முகம் அலுமினியம். பிளேடால் சுரண்டினால் கோடு விழும், அந்தக் கோடு வழியாகவே அடுத்த கசிவு வரும். மூங்கில் சீவலும் மண்ணெண்ணெய் நனைத்த துணியும் வைத்து உட்கார்ந்தேன். மைத்துனர் உப்புத்தாள் தேய்க்கச் சொன்னார். தூள் உள்ளே போய்ப் புதுச் சீலைத் தின்னும் என்றேன். பிறகு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

புதுப் பம்போடு கேஸ்கட் வந்தது. அதற்கு மேல் சிலிக்கான் பேஸ்ட் பூசவில்லை. பேஸ்ட் கேட்கும் இன்ஜின்கள் உண்டு, கையேட்டில் எழுதியிருக்கும். கேட்காத இடத்தில் பிதுக்கினால் உட்பக்கம் வழிந்தது பிய்ந்துபோய் ரேடியேட்டர் குழாயில் அடைக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இவை 10 எம்எம் ஸ்பானர் பிடிக்கும் சின்ன போல்ட்டுகள். 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும், விரல் பலத்துக்குச் சற்று மேலே. வீட்டில் பழுது பார்ப்பவர்கள் போல்ட் உடைப்பது பெரும்பாலும் நல்லெண்ணத்தால்தான்.

பெல்ட்டும் கீழ் ஹோஸும் புதிது. கழற்றியாயிற்று, மறுபடி எவன் குனிவது.

15 ஏப்ரல் 2023

நிரப்புவதும் காற்றை வெளியேற்றுவதும். இதை அலட்சியப்படுத்தித்தான் பாதிப்பேர் "பம்பு மாற்றியும் சூடேறுகிறது" என்று எழுதுகிறார்கள்.

காரின் மூக்கைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள், ரேடியேட்டர் வாய்தான் உச்சியாக இருக்க வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கலந்த கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். மூடியில்லாமல் இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழ்கள் வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும் வகையாக இருக்கும். திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், கீழ் ஹோஸ் சூடாகும். நிரப்பி மூடியைப் போட்டுவிட்டுப் பேன் இரண்டு தரம் சுற்றி நிற்கும்வரை காத்திருங்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். வடித்தது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு? கம்மியாகப் போயிருந்தால் மிச்ச இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. ஆறிய பிறகு மறுநாள் காலை திறந்து நிரப்புங்கள். எனக்கு மறுநாள் ஒரு டம்ளர் அளவு போயிற்று.

15 ஏப்ரல் 2023, சற்று நேரம் கழித்து

மேலே ஹீட்டரைத் திறக்கச் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. பல கார்களில் ஹீட்டருக்கு வால்வே கிடையாது. கூலன்ட் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், டாஷ்போர்டில் திருகும் குமிழ் காற்றுக்கதவை மட்டும் திருப்பும். அந்தக் கார்களில் திறந்தாலும் மூடினாலும் ஒன்றே. ஆனால் சூடான காற்று வருகிறதா என்று பார்ப்பதற்காகவாவது திறந்துவையுங்கள். இன்ஜின் சூடாகியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது கூலன்ட் போதவில்லை.

டப்பாவே அழுத்தத்தில் இருக்கும் கார்களில், ரேடியேட்டருக்கு மூடியே இருக்காது. அவற்றில் டப்பா வழியாக நிரப்ப வேண்டும், காற்றுத் திருகாணி ஒன்றும் தனியாக இருக்கலாம்.

18 ஏப்ரல் 2023

மஞ்சள் தூள் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்டுவிட்டார்கள்.

லாரி ஓட்டுநர்கள் செய்வது உண்மைதான். ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்தால் ஒரு பொட்டலம் மஞ்சள் தூள். தூள் ஊறிப் போய்த் துளையில் அடைத்துக்கொள்ளும், அடுத்த ஊர்வரை வண்டி போகும். பழைய லாரி ரேடியேட்டரின் அகலமான குழாய்க்கு அது பொருந்தும். இன்றைய காரில் குழாயின் உள்ளிடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர். மஞ்சளுக்குத் துளை எது, குழாய் எது என்று தெரியாது. புட்டியில் விற்கும் கசிவடைப்பான்களும் அதே தத்துவம்தான், கொஞ்சம் நாகரிகமாக. ஹீட்டர் கோர் முதலில் அடையும். வனாந்தரத்தில் மாட்டிக்கொண்டால் செய்யுங்கள். வீட்டு வாசலில் நிற்கும் காருக்குச் செய்யாதீர்கள். பம்பு சீல் கசிவை இது எதுவும் உருப்படியாக நிறுத்தாது, சுற்றும் முகத்தில் எது ஒட்டும்?

23 ஏப்ரல் 2023

எந்த நிறக் கூலன்ட் நல்லது என்று பச்சை, சிவப்பு, நீலம் சண்டை மூன்று நாளாக நடக்கிறது. சுருக்கமாக: நிறம் வெறும் சாயம். எந்த நிறத்துக்கு எந்த மருந்து என்று உலகப் பொது விதி கிடையாது. பழைய வகையில் சிலிக்கேட் போன்ற கனிமத் தடுப்பான்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆயுள். கரிம அமில வகை ஐந்து ஆண்டு அளவுக்கு வரும். இரண்டையும் கலந்தால் உடனே வெடித்துவிடாது, ஆயுள் குறையும், சில கலவைகளில் கூழாகப் படியும். டப்பாவின் பின்புறம் எழுதியிருக்கும் வகையைக் கார்க் கையேட்டோடு ஒப்பிடுங்கள். "சிவப்பு கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது, சிவப்பு மாத்திரை கொடுங்கள் என்று மருந்துக்கடையில் கேட்பதுதான்.

கெட்டிக் கூலன்ட்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லதா? இல்லை. கெட்டிக் கூலன்ட்டில் பெரும்பகுதி கிளைகால் என்ற திரவம். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச கிளைகாலால் ஆகாது. தண்ணீர் சுமக்கிறது, கிளைகால் கொதிக்காமல் காக்கிறது, மருந்து துருவைத் தடுக்கிறது. நம் சமவெளியில் உறைபனிக்கு வேலையில்லை என்பதால் சிலர் கூலன்ட்டே வேண்டாம் என்கிறார்கள். மருந்தை மறந்துவிடுகிறார்கள்.

24 ஏப்ரல் 2023

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், தட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடவும் போகாதீர்கள். இனிக்கும் என்பதால் தெருநாயும் பூனையும் நக்கும். பூனைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒன்றரை மில்லி எத்திலீன் கிளைகால் போதும், சிறுநீரகம் போய்ச் சாகும். மூடியுள்ள கேனில் ஊற்றி, பேர் எழுதி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையிடம் கேட்டுப் பாருங்கள். சிந்திய இடத்தில் மணல் போட்டு அள்ளி, பிறகு நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவுங்கள். என் வாசலில் அன்று முழுக்க ஒரு வாளி கவிழ்த்துக் காவல் இருந்தது.

7 மே 2023

கேள்வி கேட்டவர் அழுத்தச் சோதனை செய்து படம் போட்டிருக்கிறார். அவர் காரில் ரேடியேட்டரேதான்! பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் மடித்து இறுக்கப்பட்ட விளிம்பில், மேல் மூலையில் ஈரம். நடுவில் இருக்கும் ரப்பர் பட்டை காய்ந்துபோனால் அங்கேதான் விடும்.

ஆக, பட்டறை சொன்னது சரி. ஆனால் அவர்கள் பார்த்துச் சொல்லவில்லை. அதே பட்டறை என் காரைப் பார்த்திருந்தாலும் ரேடியேட்டர் என்றுதான் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குப் புது ரேடியேட்டரோடு அதே கசிவு தொடர்ந்திருக்கும். அவர் அப்பா சோதனையை உட்கார்ந்து பார்த்துவிட்டு, எங்கள் காலத்தில் இதைப் பற்று வைத்திருப்போம் என்றாராம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக்கில் ஈயம் ஒட்டாது. விளிம்பைப் பிரித்துப் புது ரப்பர் போட்டு மறுபடி மடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பத்து வருடத் தொட்டி அந்த மடிப்பைத் தாங்குமா என்பது சந்தேகம். நான் மொத்தமாக மாற்றுவேன். வெளியே வைத்து எபாக்ஸி பூசுவது வேண்டாம், சூட்டில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வேறு வேறு அளவில் விரியும், பூச்சு விட்டுப்போகும்.

8 மே 2023

"முள் ஏறவே இல்லை, அதனால் சூடாகவில்லை என்று நினைத்தேன்" என்று எழுதியவர் கவனிக்க. வெப்பமானியின் உணரி கூலன்ட்டில் நனைந்திருந்தால்தான் உண்மை சொல்லும். கூலன்ட் முழுக்க வடிந்து உணரி காற்றில் நின்றால் முள் நடுவிலோ அதற்குக் கீழேயோ சமர்த்தாக இருக்கும், ஹெட் வளைந்துகொண்டிருக்கும். பல சிறிய கார்களில் முள்ளே இல்லை, நீல விளக்கு, சிவப்பு விளக்கு மட்டும். ஹீட்டர் திடீரென்று குளிர்ந்தாலோ இன்ஜினில் புதிதாகச் சத்தம் கேட்டாலோ விளக்குக்காகக் காத்திருக்காமல் நிறுத்துங்கள்.

19 நவம்பர் 2023

மீண்டும் யாரோ இந்தப் பதிவை மேலே தூக்கிவிட்டார்கள், அதனால் ஒரு வரி. வால்பாறைக்குப் போய் வந்தோம், ஆழியாறு பக்கம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஏசியோடு. டப்பாவில் மட்டம் அப்படியே. பம்பின் அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது.

ஏறும்போது சூடு கூடினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் போடுங்கள், அதுவும் ஒரு ரேடியேட்டர்தான். காருக்குள் எல்லோரும் உங்களைத் திட்டுவார்கள், இன்ஜின் திட்டாது.

20 நவம்பர் 2023

ஈரோட்டிலிருந்து கேட்டவருக்கு: காலையில் கீழ்க்கோட்டிலும் மாலையில் மேல்கோட்டுக்குப் பக்கத்திலும் மட்டம் நிற்பது கசிவு இல்லை. சூட்டில் விரிந்து டப்பாவுக்கு வருகிறது, ஆறியதும் திரும்பப் போகிறது. காலையில் மட்டும் பாருங்கள், சமதரையில். டப்பாவின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே நேரத்தில் கோட்டுக்குக் கீழே இருந்தால் எழுதுங்கள்.

ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் பற்றிக் கேட்டவருக்கு: ஸ்பிரிங் கிளாம்ப் இருந்த இடத்தில் ஸ்பிரிங் கிளாம்பே போடுங்கள். ரப்பர் சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கும், ஸ்பிரிங் கூடவே போய் வரும். திருகு கிளாம்ப் முறுக்கிய இடத்தில் நிற்கும், அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக் கழுத்து உடையும். கழுத்தைச் சுத்தமாகத் துடைத்து, ஹோஸைக் கழுத்தின் ஓரத்தில் புடைத்திருக்கும் மேடு தாண்டித் தள்ளி, கிளாம்ப்பை மேட்டுக்கு உட்புறமாக உட்கார வையுங்கள்.